மெயிலுக்கு ஒரு சொந்தக்காரர்

மொரிஷியஸின் மாயேபூரில் அண்ணன், அண்ணியோடு சேர்ந்து எட்டு அறை கொண்ட விடுதியும் ஒரு படகும் நடத்தும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "இதுவரை ஒரே ஜிமெயில் கணக்கை நான்கு பேர் ஒரே பாஸ்வேர்டில் பார்த்துவந்தோம். சிலருக்கு இரண்டு பதில் போகிறது, சிலருக்குப் பதிலே போவதில்லை. போன மாதம் வாடிக்கையாளர் மெயிலுக்கென்றே உள்ள ஒரு மென்பொருளுக்குச் சந்தா கட்டினோம். எதை வேண்டுமானாலும் நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மாற்றினோம். இப்போது முன்பைவிடக் குழப்பம். எங்கே தவறினோம்?"

பெரிதாக எங்கும் தவறவில்லை. இந்த வகை மென்பொருளில் பெயர், நிறம், நிலை, விதி எல்லாவற்றையும் நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். ஆனால் எந்த மெயிலை யார் பார்ப்பது என்பதை அது முடிவு செய்து தராது. அதை நீங்கள் நால்வரும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். அந்தப் பேச்சு நடக்காமல் மென்பொருளை மட்டும் மாற்றினால் பழைய குழப்பம் அப்படியே புது வீட்டுக்குக் குடிவந்துவிடும்.

நான் இதே தீவின் எபேனில், பிரான்ஸ் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதும் ஒரு குழுவில் வேலையைத் தொடங்கினேன். இப்போது சின்ன விடுதிகளுக்கும் படகுக்காரர்களுக்கும் இதை அமைத்துத் தருகிறேன். நன்றாக ஓடும் இடங்கள் எல்லாவற்றிலும் நான் கண்ட பொது விஷயம் ஒன்றுதான்: உள்ளே வரும் ஒவ்வொரு மெயிலிலும் ஒரு ஆளின் பெயர் ஒட்டியிருக்கும். இரண்டு பெயர் இருக்காது, "குழு" என்ற பெயரும் இருக்காது. எல்லாருக்கும் சொந்தமான மெயிலை யாரும் திறப்பதில்லை. திறந்தாலும், அண்ணி பார்த்துக்கொள்வார் என்று மூடிவிடுவார்கள்.

அதனால் முதலில், போன மாதம் போட்ட விதிகள், டேக்குகள் (மெயிலில் ஒட்டும் அடையாளச் சொற்கள்), தானியங்கிப் பதில்கள் அத்தனையையும் நிறுத்திவையுங்கள். அழிக்க வேண்டாம், அணைத்துவைத்தால் போதும். பிறகு நால்வருக்கும் தனித்தனிக் கணக்கு உண்டாக்குங்கள். ஒரு ஆளின் சந்தாவை மிச்சம் பிடிக்க அண்ணனும் அண்ணியும் ஒரே கணக்கில் நுழையக் கூடாது. ஒருவர் ஒரு மெயிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போது, அதே மெயிலைத் திறக்கும் மற்றவருக்கு "இன்னார் எழுதிக்கொண்டிருக்கிறார்" என்று காட்டும் வசதி இந்த மென்பொருள்கள் பெரும்பாலானவற்றில் உண்டு. உங்கள் இரட்டைப் பதில் தொல்லைக்கு மருந்து அந்த ஒரு வரிதான். இருவர் ஒரே பெயரில் இருந்தால் அந்த வரி வரவே வராது. நான்கு சந்தா கையைக் கடித்தால் ஃப்ரீஸ்கவுட், ஸாமட் போன்ற திறமூல (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய) மென்பொருள்களைச் சொந்த சர்வரில் நிறுவலாம், ஆனால் பராமரிக்க ஆள் வேண்டும். அதுவும் முடியாது என்றால் கூகுள் குரூப்ஸில் உள்ள கூட்டு இன்பாக்ஸ் போதும். மெயிலை ஒருவர் பெயரில் ஒதுக்கும் வசதி அதிலேயே இருக்கிறது.

அடுத்தது பிரிப்பு. தினமும் காலையில் ஒருவர் மட்டும் தபால் பிரிக்கட்டும். இருபது நிமிடம் போதும். அந்த நேரத்தில் அவர் எந்த மெயிலுக்கும் பதில் எழுதக் கூடாது. இதைத்தான் எல்லாரும் மீறுவார்கள். முதல் மெயில் சுலபமான கேள்வியாக இருக்கும், எழுதிவிடலாமே என்று தோன்றும். எழுதத் தொடங்கினால் விலைப்பட்டியலைத் தேட வேண்டும், அதற்குள் போன் வரும், மீதிப் பதினெட்டு மெயிலும் அப்படியே கிடக்கும். பிரிப்பவர் வேலை திறப்பது, படிப்பது, பெயர் ஒட்டுவது, அடுத்ததுக்குப் போவது. அறை என்றால் அண்ணி, படகு என்றால் அண்ணன், பணம் என்றால் நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கலந்த மெயில் வந்தால் யாராவது ஒருவர் பெயரை ஒட்டுங்கள். அவர் மற்றவரிடம் உள்குறிப்பில் கேட்டுக்கொள்வார். பிரிப்பவர் வாரம் ஒருவராக மாறினால் நல்லது. மற்றவர்களின் சுமை எவ்வளவு என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரியவரும்.

நிலைகளைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் மென்பொருளில் ஐந்தோ ஆறோ நிலைகள் இருக்கும், புதிதாகவும் சேர்க்கலாம். மூன்றே மூன்றை வைத்துக்கொள்ளுங்கள்: திறந்தது, காத்திருப்பது, முடிந்தது. "காத்திருப்பது" என்று போடும்போது கட்டாயம் ஒரு தேதி வையுங்கள். அந்தத் தேதி வரை மெயில் கண்ணில் படாமல் ஒளிந்திருந்து, அன்று காலையில் தானே மேலே வர ஸ்னூஸ் இருக்கிறது. தேதி இல்லாமல் காத்திருக்கும் மெயிலும் தொலைந்த மெயிலும் ஒன்றுதான். முன்பணம் வர வேண்டும் என்றால் மூன்று நாள், அண்ணன் எஞ்சின் மெக்கானிக்கிடம் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றால் நாளைக் காலை. இப்படி ஒவ்வொன்றுக்கும்.

"முடிந்தது" என்ற சொல்லில்தான் நிறைய இடங்கள் வழுக்குகின்றன. பதில் அனுப்பியவுடன் முடிந்தது என்று போட்டுவிடுகிறார்கள். ஒரு உதாரணம். லியோனிலிருந்து ஒரு பெண் எழுதுகிறார்: 14ஆம் தேதி காலையில் இறங்குகிறோம், பிளேசான்ஸ் விமான நிலையத்திலிருந்து கூட்டிவர முடியுமா, எங்களோடு எட்டு மாதக் குழந்தை. முடியும், இவ்வளவு ரூபாய் என்று பதில் போகிறது, மெயில் மூடப்படுகிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று. ஆனால் எந்த விமானம் என்று கேட்கவில்லை. குழந்தைக்கான இருக்கை டிரைவரிடம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. 14ஆம் தேதி காலையில் அந்தத் தாய் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும், அல்லது வேறு கார் தேட வேண்டியிருக்கும். இதே மெயிலை ஒழுங்காகக் கையாள்வது எப்படி? பதிலிலேயே விமான எண்ணைக் கேட்பது. உள்குறிப்பில் "குழந்தை இருக்கை, டிரைவரிடம் கேட்கணும்" என்று எழுதி அண்ணனின் பெயரைக் குறிப்பிடுவது. மெயிலை 12ஆம் தேதிக்கு ஸ்னூஸ் செய்வது. அன்று அது மேலே வரும்போது இருக்கை உறுதியாகியிருந்தால் இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டு, அப்போது மூடுவது. வாடிக்கையாளர் இனி நம்மிடம் கேட்க எதுவும் இல்லை என்ற நிலைதான் "முடிந்தது".

உள்குறிப்பு என்றேன் அல்லவா, அது வாடிக்கையாளருக்குப் போகாத, உங்களுக்குள் மட்டும் தெரியும் எழுத்து. பெரும்பாலும் மஞ்சள் பின்னணியில் வரும். அண்ணனிடம் வாட்ஸ்அப்பில் கேட்டுத் தெரிந்துகொண்ட பதிலைக்கூட ஒரு வரி இங்கே எழுதிவையுங்கள். இல்லையென்றால் பாதிக் கதை மெயிலிலும் மீதி போனிலும் கிடக்கும். ஒரு எச்சரிக்கை: குறிப்பு எழுதும் பெட்டியும் பதில் எழுதும் பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வாடிக்கையாளர் படித்தால் மனம் புண்படும் எதையும் குறிப்பில்கூட எழுதாத பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வார்ப்புப் பதில்கள். ஒரே கேள்விக்குத் தினமும் எழுதும் பதிலைச் சேமித்துவைத்து ஒரு பொத்தானில் எடுக்கும் வசதி. உங்களுக்கு மிக அதிக நேரத்தை மிச்சப்படுத்தப்போவது இதுதான், பெயரைக் கெடுக்கக்கூடியதும் இதுவே. வார்ப்பு முழுக் கடிதமாக இருக்க வேண்டாம். நடுப்பகுதியை மட்டும் சேமியுங்கள்: எப்படி வருவது, என்னென்ன சேரும், ரத்து செய்தால் என்ன விதி. முதல் வரியையும் கடைசி வரியையும் ஒவ்வொரு தடவையும் கையால் எழுதுங்கள். "உங்கள் மகளின் பிறந்தநாளுக்கு வருகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள், மகிழ்ச்சி" என்ற ஒரு வரி இருந்தால் கீழே உள்ள பத்து வரி வார்ப்பு என்று யாருக்கும் தோன்றாது. விலையை வார்ப்புக்குள் எழுதாதீர்கள். விலை மாறும்போது ஒரு வார்ப்பில் திருத்துவோம், பிரெஞ்சில் உள்ள அதே வார்ப்பை மறந்துவிடுவோம். விலைப்பட்டியல் ஒரே இடத்தில் இருக்கட்டும், வார்ப்பில் அதற்கான இணைப்பு போதும்.

நம் தீவில் ஒவ்வொரு வார்ப்பும் குறைந்தது இரண்டு மொழியில் வேண்டும். பெயரிலேயே மொழியை முதலில் வையுங்கள்: "பிரெ – விமான நிலையம்", "ஆங் – விமான நிலையம்". தேடும்போது அடுத்தடுத்து நிற்கும். பிரெஞ்சு வார்ப்பில் மரியாதைப் பன்மையையே வையுங்கள், வாடிக்கையாளர் உரிமையோடு எழுதினாலும். கிரியோலில் எழுதும் உள்ளூர்க்காரருக்கு வார்ப்பு வேண்டாம், நேரடியாக எழுதுங்கள். வாய்பேச்சில் இரண்டு வரியில் முடிகிற விஷயத்துக்கு நீளமான பிரெஞ்சுக் கடிதம் போனால் அவருக்கு அந்நியமாக இருக்கும்.

தேதிகளில் மாதத்தை எப்போதும் எழுத்தில் எழுதுங்கள். நான் உதவிக்கொண்டிருந்த ஒரு விடுதியில், அமெரிக்கத் தம்பதி ஒருவர் 03/04 என்று எழுதியிருந்ததை நானே ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொண்டு உறுதி செய்தேன். உறுதிக் கடிதத்திலும் அதே எண்கள்தான் போயின. அவர்களும் சரி என்று எழுதினார்கள். மார்ச் 4 மாலை அவர்கள் பெட்டிகளோடு வாசலில் வந்து நின்றபோது ஒரு அறைகூடக் காலி இல்லை. வேறு இடத்தில் தங்கவைக்க இரவு ஒன்பது மணி ஆயிற்று. அன்றிலிருந்து நான் அமைக்கும் எல்லா இடத்திலும் "4 மார்ச், திங்கள்" என்ற வடிவம்தான். கிழமையும் சேர்ந்தால் தவறு இன்னும் சீக்கிரம் பிடிபடும்.

தானியங்கி விதிகளை எப்போது திரும்பப் போடுவது? என் கணக்கு இது: ஒரே செயலை இருபது தடவை கையால் ஒரே மாதிரி செய்த பிறகு. "படகு என்ற சொல் இருந்தால் அண்ணனுக்கு" என்ற விதி கேட்க நன்றாக இருக்கும். ஆனால் "போன வருடம் படகில் வந்தோம், இந்த முறை அறை மட்டும் போதும்" என்ற மெயிலும் அண்ணனுக்கே போகும். அவர் கடலில் இருப்பார். எந்த முகவரியிலிருந்து வருகிறது என்பதை வைத்துப் போடும் விதி நம்பகமானது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்துப் போடும் விதி சறுக்கும். முன்பதிவுத் தளங்களின் அறிவிப்பு மெயில்களைத் தனிக் கட்டுக்கு அனுப்பும் விதியை முதல் நாளே போடலாம். பல மென்பொருள்களில் விதிகள் மேலிருந்து கீழாக வரிசையில் ஓடும் என்பதையும் நினைவில் வையுங்கள். விசித்திரமாக ஏதாவது நடந்தால் முதலில் வரிசையைப் பாருங்கள்.

தானியங்கிப் பதிலைப் பொறுத்தவரை, ஒரு உரையாடலுக்கு ஒரே தடவை போகும்படி அமையுங்கள். எதிர்ப்பக்கமும் "விடுமுறையில் இருக்கிறேன்" என்று தானாகப் பதில் அனுப்பும் முகவரியாக இருந்தால் இரண்டு இயந்திரங்களும் விடிய விடிய ஒன்றுக்கொன்று எழுதிக்கொண்டே இருக்கும். நல்ல மென்பொருள் தானியங்கி மெயிலின் தலைப்பகுதியில் அது தானாகப் போனது என்ற அடையாளத்தைச் சேர்க்கும், எதிர்ப்பக்கம் அதைப் படித்துவிட்டு அமைதியாக இருக்க வேண்டும். எல்லாரும் அப்படி இருப்பதில்லை. எண்ணிக்கை வரம்பு உங்கள் பக்கம் இருப்பதே பாதுகாப்பு.

தானியங்கிப் பதில் உண்மையிலேயே கைகொடுக்கும் காலம் ஒன்று உண்டு, நவம்பரில் தொடங்கும் புயல் பருவம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விமான நிலையம் மூடப்பட்டது. அந்த இரண்டு நாளில் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சின்ன அலுவலகத்துக்கு மெயில் குவிந்தது. எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் ஒரே அவசரம் இல்லை. நாங்கள் எல்லாவற்றுக்கும் "புயல்" என்று ஒரு டேக் ஒட்டினோம். பிறகு எழுதிய நேரப்படி அல்லாமல், வந்து சேரும் தேதிப்படி அடுக்கினோம். அடுத்த 48 மணி நேரத்தில் வர வேண்டியவர்களுக்கு ஒவ்வொருவராகக் கையால் எழுதினோம், ஏற்கெனவே தீவில் இருப்பவர்களுக்கு போன் செய்தோம். மார்ச்சில் வரப்போகிறவர்களுக்கு ஒரே வார்ப்பு மொத்தமாகப் போயிற்று. அந்த அடுக்கலுக்காகவே வருகைத் தேதிக்கு என்று ஒரு தனிக் கட்டம் உங்கள் மென்பொருளில் உருவாக்குங்கள். இஷ்டம்போல மாற்றலாம் என்ற வசதிக்கு உங்களைப் போன்ற தொழிலில் இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியாது.

புயல் வார்ப்பை அக்டோபரிலேயே எழுதிவையுங்கள், காற்று அடிக்கும்போது நிதானமான பிரெஞ்சு வராது. மின்சாரம் போகும் என்பதால் போனிலும் செயலியை நிறுவி ஒருமுறை பழகிவிடுங்கள். அந்த அலுவலகத்தார் பக்கத்துத் தீவான ரீயூனியனில் இருக்கும் உறவினர் அவசரத்துக்குப் பார்த்துக்கொள்வார் என்று நம்பியிருந்தார்கள். பெலால் ரீயூனியனை அடித்துவிட்டுத்தான் இங்கே வந்தது. மாற்று ஆள் பாரிஸிலோ சென்னையிலோ இருக்கட்டும்.

தைப்பூசக் காவடி நமக்குப் பொது விடுமுறை, நீங்கள் மூவரும் கோயிலில் இருப்பீர்கள். பெர்லினிலிருந்து எழுதுகிறவருக்கு அது தெரியாது. மென்பொருளின் விடுமுறை நாட்காட்டியில் வருடத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள், அன்றைக்குப் போகும் தானியங்கிப் பதிலில் நான்காவது ஆளின் எண் இருக்கட்டும். நேர மண்டலத்தையும் சரிபாருங்கள். இயல்பாக அமெரிக்க நேரமோ லண்டன் நேரமோ இருக்கலாம். பாரிஸுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் மூன்று மணி, கோடையில் இரண்டு மணி வித்தியாசம். அவர்கள் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு எழுதுவது நமக்குப் பத்து, பதினொன்று. அவ்வளவையும் விழித்திருந்து பார்க்கத் தேவையில்லை, காலையில் பிரித்து முடித்தவுடன் பதில் போனால் அவர்கள் எழுந்திருக்கும் முன்பே இன்பாக்ஸில் இருக்கும்.

உங்கள் பதில்கள் ஸ்பேமுக்குப் போகின்றனவா என்று பாருங்கள். பதிலே வரவில்லை என்று சொன்ன சிலருக்கு நீங்கள் எழுதியே இருக்கலாம். ஜிமெயில் முகவரியை அனுப்புநராக வைத்துக்கொண்டு வேறு நிறுவனத்தின் சர்வர் வழியாக மெயில் போனால், வாங்குகிற பக்கம் சந்தேகப்படும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் இன்னும் கறாராகிவிட்டன. சொந்த டொமைன் (விடுதியின் பெயரிலேயே ஒரு இணைய முகவரி) வாங்கி, மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று பதிவுகளையும் சேருங்கள். மென்பொருளின் உதவிப் பக்கத்தில் உள்ளதை டொமைன் விற்றவரிடம் கொடுத்தால் பெரும்பாலும் அவரே செய்து தருவார்.

புக்கிங் டாட் காம் வழியாக வருபவர்களின் உண்மை முகவரி உங்களுக்குத் தெரியாது, ஒரு மாற்று முகவரிதான் வரும். அதே ஆள் நேரடியாக எழுதும்போது மென்பொருள் அவரைப் புது ஆளாக நினைக்கும். இரண்டையும் இணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அண்ணி ஒரு வாக்கும் நீங்கள் வேறு வாக்கும் கொடுத்துவிடுவீர்கள். அந்த வழியிலேயே மோசடி மெயில்களும் வருகின்றன. விருந்தினர் பெயரில் வரும் எந்த இணைப்பிலும் உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்.

பாஸ்போர்ட் நகல் மெயிலில் வந்தால், வேலை முடிந்ததும் இணைப்பை அழித்துவிடுங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2017 நமக்கும் பொருந்தும், எட்டு அறைதான் என்ற விலக்கு இல்லை. அட்டை எண்ணை மெயிலில் அனுப்ப வேண்டாம் என்று எல்லா வார்ப்பிலும் ஒரு வரி சேருங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினைந்து நிமிடம் நால்வரும் ஒரே திரையைப் பாருங்கள். அறிக்கைகள் பக்கத்தில் வண்ண வண்ணமாக வரைபடங்கள் இருக்கும், அவற்றை விடுங்கள். இரண்டைப் பாருங்கள்: ஒரு நாளுக்கு மேல் பெயர் ஒட்டாமல் கிடப்பவை எத்தனை, முடிந்தது என்று மூடியபின் வாடிக்கையாளர் மறுபடி எழுதித் திறந்தவை எத்தனை. இரண்டாவதை ஒவ்வொன்றாகத் திறந்து படியுங்கள். நம் பதிலில் என்ன விட்டுப்போயிற்று என்று வாடிக்கையாளரே எழுதியிருப்பார், அடுத்த வாரம் வார்ப்பில் எந்த வரியைத் திருத்துவது என்பது அங்கேயே கிடைத்துவிடும்.

கடைசியாக, இப்போது குவிந்து கிடப்பவை. எல்லாவற்றையும் ஒன்றொன்றாகத் திறக்க உட்கார்ந்தால் இரண்டாம் நாளே விட்டுவிடுவீர்கள். இனிமேல் வரப்போகிறவர்களை முன்பதிவுப் புத்தகத்திலிருந்து எடுங்கள், ஒவ்வொரு பெயரையும் மென்பொருளில் தேடி, பதில் போகாதது இருந்தால் ஒரு ஆளின் பெயரை ஒட்டுங்கள். அதற்குப் பிறகு கடந்த முப்பது நாளில் வந்த, பதில் போகாத விசாரிப்புகள். அதற்கும் முந்தையவற்றை "பழையது" என்று டேக் ஒட்டி மொத்தமாக மூடிவிடுங்கள். மூடும்போது வாடிக்கையாளருக்குத் தானாக மெயில் போகும் அமைப்பு இருந்தால் அதை முதலில் அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.